துரை கட்டிவைத்த கம்பி

நெய்வேலியில் ஒரு காருக்குள் ஹீட்டர் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற ஊர் இது. இந்த ஊரில் காருக்குள் சூடு காற்று அடிக்க விட்டுக்கொண்டு ஒரு மனுஷர் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டை நிறுத்தியவன் நான்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. சுரங்கத்து ஜீப், லாரி, தண்ணி டேங்கர் எல்லாம் ரிப்பேருக்கு வருகிற ஆட்டோ ஷாப்பில் நான் மஸ்டர் ரோல் ஆள். மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலி. பெர்மனென்ட் ஆள் செய்கிற அதே வேலைதான், சில நாள் அவன் வேலையையும் சேர்த்து நாம் செய்வோம். ஆனால் குவார்ட்டர்ஸ் கிடையாது, ஆஸ்பத்திரி சீட்டு கிடையாது, நாளைக்கு வராதே என்று சொல்லிவிட்டால் கேட்க நாதி கிடையாது. நான் பண்ருட்டியில் ஒரு பஸ் ஷெட்டில் நாலு வருஷம் கிரீஸில் புரண்டுவிட்டு வந்தவன். வேலை தெரியும். தெரியும் என்கிற திமிரும் நிறையவே இருந்தது.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவர் என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சுரங்கத்துக்காக எடுத்த ஊர் ஒன்றில், அடுத்தவன் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். ஊர் போனதும் மண் சுமக்க வந்தார், அங்கிருந்து வண்டி கழுவ வந்தார், கழுவின வண்டியைக் கழற்றிப் பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆகிவிட்டார். ஆனால் நிதானமோ நிதானம். ஒரு நட்டில் ஸ்பேனர் போடுவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னண்ணே, நட்டுக்கு ஜாதகமா பாக்கறீங்க?" என்பேன். "கயட்டிட்டா திரும்ப மாட்டத் தெரியணுமே தம்பி" என்பார்.

அந்த வருஷம் மஸ்டர் ரோல் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்க இன்டர்வியூ வைக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஷாப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. பீடி குடிக்கிற இடத்தில்கூட அதே பேச்சு. அண்ணனுக்கு மட்டும் ஒரு சிக்கல், வயசுச் சிக்கல். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு டாக்டர், "எப்பப்பா பொறந்தே?" என்று கேட்டிருக்கிறார். "பெரிய பொயலுக்கு அடுத்த வருசமுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். எந்தப் புயல் என்று அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து, காதோரம் நரைத்திருந்ததையும் பார்த்து, மனசுக்குத் தோன்றிய வயசை எழுதிவிட்டார். அந்த எழுத்துப்படி இன்டர்வியூவுக்கான வயசு அவருக்குத் தாண்டிப் போயிருந்தது. நிஜத்தில் அவர் அந்த எழுத்தைவிட மூன்று வயசு சின்னவர். விருத்தாசலம் தாலுக்கா ஆபீசில் பிறப்புப் பதிவு இருக்கிறது, அதன் நகலை வாங்கிவந்து காட்டினால் சேர்த்துக்கொள்வோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இந்த இன்டர்வியூவை விட்டால் நிஜ வயசுப்படியும் தாண்டிவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். அவருக்கு இருந்தது இந்த ஒரே வாய்ப்புதான்.

இப்போது காருக்கு வருகிறேன். சுரங்கத்து மெஷின்களை நிறுவிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இஞ்சினியர்களில் ஒருவர் அதைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கான்வாஸ் துணி. தரையோடு தரையாகக் கிடக்கும், உள்ளே உட்கார்ந்தால் ரோட்டில் போகிற ஆட்டுக்குட்டி நம் முகத்துக்கு நேரே தெரியும். அரை டிராயர் போட்டுக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டு, செக்கச்செவேல் என்று வியர்த்து ஒழுக அந்தத் துரை அதில் போவார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக அதற்குள் வந்து இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். முன்பக்கத்துக் கிரில்லிலிருந்து ஒரு பெரிய சுருள் குழாய் வெளிக்காற்றைக் கொண்டுவந்து அந்தக் குட்டி ரேடியேட்டர் மேல் விடும். காற்று சுடச்சுடக் காலில் இறங்கும். அவர்கள் ஊர்ப் பனிக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும். நாங்கள் முதலில் அதைக் குளிர் மெஷின் என்றே நினைத்தோம். எந்தப் பைத்தியக்காரன் காருக்குள் சூடு பண்ணுவான் என்று ஒரு வாரம் வாதம் நடந்தது எங்கள் ஷாப்பில்.

அந்தக் காரை வாராவாரம் கழுவித் துடைத்தது அண்ணன்தான். துரைக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவர் பேசுகிற எதுவும் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் பேசுவார்கள். துரை ஊருக்குத் திரும்பும்போது எங்கள் ஷாப்புக்கு மேலே இருந்த பெரிய இஞ்சினியர் அந்தக் காரை வாங்கிக்கொண்டார். கறாரான மனுஷர் அவர். கெட்டவர் இல்லை. சொந்தக் காரை ஷாப்பில் ஓசியில் பார்க்கச் சொல்லாமல், முறையாகப் பர்மிஷன் வாங்கி ஜாப் கார்டு போட்டுத்தான் அனுப்புவார். இன்டர்வியூவில் உட்காரப்போகிறவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு புதன்கிழமை கார் ஷாப்புக்கு வந்தது. கத்திரி வெயில் ஆரம்பித்திருந்த நேரம். "உள்ள உக்கார முடியலப்பா. கூரையை மூடினா அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரி காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கிட்டு வர்றா" என்றார் பெரிய இஞ்சினியர். வெள்ளிக்கிழமை காலை மெட்ராசில் அவர் மச்சினனுக்குக் கல்யாணம். அந்த அம்மாள்தான் மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா. டியூட்டியை விட்டு முன்னாடியே போக முடியாததால் வெள்ளி விடிகாலையில் கிளம்பி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரவேண்டும். "வியாழக்கெழம சாயங்காலம் எடுத்துக்கறேன். சூடு மட்டும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அண்ணன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். "நல்லாச் செய்யி. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றும் சொன்னார். இன்டர்வியூவை மனசில் வைத்துத்தான் சொன்னார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அண்ணன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. அந்த வேலைக்கு அவர்தான் பொறுப்பு என்று ஜாப் கார்டில் அவர் டோக்கன் நம்பரைப் போட்டார்கள்.

பானெட்டைத் திறந்தோம். டாஷ்போர்டில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தாலும் தள்ளினாலும் எதுவும் நடக்கவில்லை. ஃபேன் சுவிட்சை அணைத்தால் ஃபேன் நின்றது, சூடு நிற்கவில்லை. அந்தக் குமிழிலிருந்து வந்த கேபிளைத் தொட்டுக்கொண்டே போனால், என்ஜின் தலையில் வெந்நீரைத் திறந்து மூடுவதற்கு இருந்த ஒரு பித்தளை டேப்பில் அது மாட்டியிருக்க வேண்டும், மாட்டவில்லை. கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. டேப்பின் கைப்பிடி முழுசாகத் திறந்த நிலையில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூன்று சுற்று, முறுக்கி மடக்கி, அழகாக.

"இதோ கெடக்கு வெவகாரம்" என்று கட்டிங் பிளேயரை எடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத தம்பி. தொர கைப்படக் கட்டுனது இது. எதுக்குன்னு எனக்கு வெளங்கல. ஆனா இதக் காட்டிக் காட்டி 'நோ, நோ'ன்னு வெரல ஆட்டிகினே இருந்தாரு. ஊருக்குப் போற அன்னிக்கும் இதைத்தான் காட்டுனாரு."

"வெள்ளக்காரனுக்கு வெயில் தாங்காம வந்த கிறுக்கு. டேப்ப மூடிட்டா சூடு நின்னுபோவுது. இதுல என்னாண்ணே வெளங்கணும்?"

"இருக்கட்டும். கம்பி இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்றார். அவர் வேறு வழி யோசித்து வைத்திருந்தார். காற்று வருகிற சுருள் குழாயைச் சுத்தம் பண்ணுவது, அந்தத் தகரப் பெட்டியில் கால் பக்கம் திறந்திருக்கும் வாயை அடைத்துவிட்டு, கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, சூடு காற்றை வண்டிக்கு அடியில் ரோட்டைப் பார்த்து இறக்கிவிடுவது. அதற்கென்று ஒரு தகடும் அன்றைக்கே வெட்டி, ஓரம் மடக்கி வைத்தார். எனக்கு அது பட்டிக்காட்டு வேலையாகப் பட்டது. டேப் என்று ஒன்று இருக்கும்போது தகரம் அடிக்கிறாராம்! மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை அவர் விருத்தாசலம் போயாக வேண்டும். அன்றைக்கு வந்தால் நகல் தருகிறேன் என்று தாலுக்கா ஆபீஸ் கிளார்க் சொல்லியிருந்தார். ஆனால் மஸ்டர் ரோல் ஆளுக்கு லீவு ஏது? இன்டர்வியூவுக்கு முந்தைய மாசங்களில் ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தாலும் சர்வீஸ் முறிந்துபோகும். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. கேட்டில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. காலையில் உள்ளே வரும்போது அவரவர் பித்தளை டோக்கனை அவரவர் ஆணியில் மாட்டவேண்டும். டைம்கீப்பர் டோக்கனைத்தான் எண்ணுவார், முகத்தை எண்ணமாட்டார். வெளியே வந்தால் தனக்கும் தலைவலி என்று ஃபோர்மனும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். அதனால் ஒருத்தனுக்கு அவசரம் என்றால் இன்னொருத்தன் இரண்டு டோக்கனையும் மாட்டிவிடுவது வழக்கம். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும். அப்படியிருந்தும் எல்லாரும் செய்தோம். அண்ணன் புதன்கிழமை சாயங்காலம் தன் டோக்கனை என் கையில் கொடுத்தார். "கொழாயத் தொடச்சி, தகட்ட மாட்டிடு. அது போதும் தம்பி" என்றார்.

வியாழக்கிழமை இரண்டு டோக்கனையும் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். சுருள் குழாயைக் கழற்றி உதறினால் பழுப்பாகக் கரித்தூள் கொட்டியது, படிக்கணக்கில். எங்கள் ஊர்க் காற்றை அத்தனை காலம் இழுத்துக்கொண்டிருந்த குழாய் வேறு எப்படி இருக்கும்? கழுவி வெயிலில் காயவைத்தேன். தகரப் பெட்டியின் மூடி துருவேறிப் பாதி திறந்தபடி நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு அசைத்துச் சரி பண்ணினேன். திரும்ப மாட்டி என்ஜினை ஓட்டினால் முன்னைவிட மோசம்! அடைப்பு நீங்கியதால் சூடு காற்று இன்னும் பலமாக அடித்தது. இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பார்த்தேன், கை வெந்தது.

அப்போது அந்தத் தகட்டை எடுத்து மாட்டியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. மாட்டவில்லை.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? எங்கள் ஷாப்பில் கம்பிக் கட்டு என்றாலே ஆகாது. ஒரு தடவை யாரோ கம்பியால் கட்டிவைத்த மெஷின் மூடி அவிழ்ந்து விழுந்து ஒரு ஆளுக்குக் கை நசுங்கியது. அன்றிலிருந்து ஃபோர்மன், எங்கே கம்பிக் கட்டைப் பார்த்தாலும் வெட்டு, வெட்டிவிட்டு ஒழுங்கான ரிப்பேர் பண்ணு என்று உத்தரவு போட்டிருந்தார். கம்பி கட்டுகிறவன் சோம்பேறி, வெட்டுகிறவன் தொழில்காரன். தலையில் அப்படி ஏறிப்போயிருந்தது. இது ஒரு காரணம். ஆனால் நிஜக் காரணம் அது இல்லை. அண்ணனுக்குப் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று காட்டவேண்டும், அதுவும் பெரிய இஞ்சினியருக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான். அல்ப ஆசை.

கம்பியை வெட்டினேன். டேப் இறுகியிருந்தது, எண்ணெய் விட்டு மெதுவாகத் திருகி மூடினேன். பத்து நிமிஷத்தில் ரப்பர் குழாய் ஆறிப்போய்விட்டது. பெட்டியிலிருந்து வெளிக்காற்று சாதாரணமாக வந்தது. ஷாப் டிரைவர் காரை எடுத்துக்கொண்டு மெயின் பஜார் வரைக்கும் ஒரு சுற்று போய்வந்து, "ஜம்முனு இருக்குடா!" என்றார். வெயில் இறங்கின நேரம், ஒரு பதினைந்து நிமிஷ ஓட்டம். என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் துரை காலத்திலேயே செத்துப்போயிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

ஜாப் கார்டில் 'ஹீட்டர் டேப் மூடப்பட்டது' என்று எழுதி, ஃபோர்மனிடம் போய், "என் டோக்கன் நம்பரையும் சேத்துப் போடுங்க சார், நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன். "ஒரு கார்டுக்கு ஒரு நம்பர்தான்யா" என்று விரட்டிவிட்டார். பேர் எல்லாம் அவருக்கே போகப்போகிறது என்று வயிறெரிந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். சத்தியமாக அன்றைக்கு என் கவலை அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். இடுப்பு வேட்டியில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார். பிறப்புப் பதிவு நகல், சீலோடு. "மூணு வருசம் தம்பி! அந்த டாக்டரு என்னைய மூணு வருசம் கெயவனாக்கிட்டாரு பாரேன்!" என்று ஒரே சிரிப்பு. அப்புறம் கார் நின்ற இடத்தைப் பார்த்தார். பெஞ்சின் மேல் அவர் வெட்டிய தகடு அப்படியே கிடந்தது. "இது இங்கியே கெடக்குதே, நீ என்னா பண்ண?" என்று கேட்டார்.

"டேப்ப மூடிட்டேண்ணே. சுத்தமா சூடு நின்னுபோச்சு."

சிரிப்பு போய்விட்டது. ஸ்டோர்காரருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய இஞ்சினியர் வீடு இருந்த பிளாக்குக்கு மிதித்தார். வீடு பூட்டிக் கிடந்ததாம். விடிவதற்கு முன்னாடியே போய்விட்டார்கள் என்று தோட்டக்காரர் சொன்னாராம். திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது. ஆவாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன இந்த மனுஷன், சரி பண்ணினதுக்கு இப்படிப் பதறுகிறார் என்று.

சனிக்கிழமை கார் ஒரு லாரி மேல் ஏறித் திரும்பி வந்தது. திண்டிவனத்துக்கு இந்தப் பக்கமே ஆவி கக்கி, தடதடவென்று சத்தம் போட்டு, என்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நாங்களேதான் பிரித்தோம். என்ஜின் தலை விரிசல் விட்டிருந்தது. பெரிய ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த குழாய்களில் முக்கால்வாசி உப்புப் படிந்து கல்லாக அடைத்திருந்தது. அந்த ரேடியேட்டரால் என்ஜின் சூட்டை இறக்கவே முடியாது. அது துரைக்குத் தெரிந்திருக்கிறது. புது ரேடியேட்டர் கடல் தாண்டி வரவேண்டும். அதுவரைக்கும் காருக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டரையும் திறந்துவிட்டு, பாதிச் சூட்டைத் தன் கால் மேல் வாங்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். டேப் தானாக மூடிக்கொள்ளக் கூடாது என்றுதான் கம்பி. கிறுக்கு இல்லை அந்த ஆள். கிறுக்கு நான்.

திங்கட்கிழமை பெரிய இஞ்சினியர் வந்தார். கத்தவில்லை. ஜாப் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு டோக்கன் நம்பரை வாசித்தார். அண்ணன் முன்னால் போய் நின்றார். இரண்டடி தள்ளி நான்.

"டேப்பை மூடினது நீதானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, ஜாடை காட்டவில்லை, சும்மா பார்த்தார். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன். அவரால் 'நான் இல்லை' என்று சொல்லமுடியாது. அப்படியென்றால் அன்றைக்கு நீ எங்கே போனாய் என்ற கேள்வி வரும், விருத்தாசலம் வெளியே வரும், டோக்கன் வெளியே வரும். ஆனால் நான் சொல்லியிருக்கலாம். 'கார்டு அவர் பேருல, மூடினது நான்' என்று நான் சொல்லியிருந்தால் டோக்கன் பேச்சே வந்திருக்காது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. இன்டர்வியூவுக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்பதும் தெரிந்தது.

"ஆமாங்க" என்றார் அண்ணன்.

"துரை உன்கிட்டதானே வண்டியை விட்டு வெச்சிருந்தார்? ஒருத்தர் கட்டி வெச்சிருக்கார்னா எதுக்குன்னு யோசிக்க வேணாமா?" அவர் குரல் தணிந்துதான் இருந்தது. "தாலி கட்டுறப்ப நாத்தனார் முடிச்சு போட வேண்டியவ என் வீட்டுக்காரி. ஒரே அக்கா. முகூர்த்தம் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பஸ்ல போய் இறங்கினோம். வேற யாரோ முடிச்சைப் போட்டுட்டாங்க. வண்டி நின்ன எடத்துல புளியமரத்தடியில உக்காந்து அவ அழுததை நான் மறக்கமாட்டேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நானும் குனிந்துகொண்டுதான் நின்றேன். பார்க்கிறவர்களுக்கு நான் அவருக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்திருக்கும். த்தூ.

சோறு சாப்பிடும்போது நான் கிட்டே போகவில்லை. அவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வுடு தம்பி. நீ வாயத் தொறந்தா டோக்கன் வெவகாரம் வந்துடும்னுதான் கம்முனு இருந்த. எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் போவறதுக்கு ஒருத்தன் போறது மேலு" என்றார். நான் "ஆமாண்ணே" என்றேன். அதைக்கூட நான் மறுக்கவில்லை. அவர் எனக்கு ஒரு நல்ல காரணத்தை எடுத்துக் கொடுத்தார், நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்டர்வியூ நடந்தது. நான் உள்ளே அரைமணி நேரம் இருந்தேன். கார்புரேட்டர், பிரேக் என்று கேட்டார்கள், டாண் டாண் என்று சொன்னேன். அண்ணன் பிறப்புப் பதிவு நகலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். "என்னண்ணே கேட்டாங்க?" என்றேன். "ஒண்ணும் கேக்கல. தாள வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துட்டாங்க" என்றார். லிஸ்ட் ஒட்டியபோது என் பேர் இருந்தது. அவர் பேர் இல்லை. கொஞ்ச நாளில் ஷாப்பில் மஸ்டர் ரோல் ஆட்களையே குறைத்தார்கள். அவர் போய்க் கான்ட்ராக்ட்காரரிடம் கரி அள்ளுகிற வேலையில் சேர்ந்தார்.

பெரிய இஞ்சினியரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை நாள் கிளம்பியிருப்பேன்! அவர் ஆபீஸ் வாசல் வரைக்கும்கூடப் போயிருக்கிறேன். வேலை உறுதியாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். உறுதியாயிற்று. குவார்ட்டர்ஸ் வரட்டும் என்று இருந்தேன். வந்தது. கல்யாணம் ஆகட்டும் என்று இருந்தேன். அதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டதெல்லாம் உண்டு. புரண்டு என்ன பிரயோஜனம்? காலையில் எழுந்து சங்குச் சத்தத்துக்கு டியூட்டிக்குப் போய்விடுவேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து, மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ஊர் இழந்தவர்களுக்கு மனை கொடுத்த இடத்தில் கூரை வீடு. அவரிடம் மட்டும் இல்லை, அவர் சம்சாரத்திடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சைக்கிளில் போகும்போது வாய்விட்டே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அண்ணன் இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். "வா தம்பி, வா! வூடு கண்டுபுடிச்சி வந்துட்டியே!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இருமல் இருந்தது. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தார். எப்படி ஆரம்பிக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க பெர்மனென்ட்டு ஆயிட்டீங்க. குவாட்டர்ஸ்ல இருக்கீங்க. நல்லா இருக்கணும் தம்பி. ஒண்ணா வேல செஞ்சவருதான் இவுரும். என்னாத்தப் பண்றது? எல்லாம் இவுராலதான். தொரை கட்டுன கம்பியக் கையி சும்மா இல்லாம வெட்டிட்டேன், அந்தக் காரு கெட்டுப்போச்சுன்னு இவுரே வந்து எங்கிட்ட சொன்னாருங்க. அன்னிக்கி நான் திட்டாத திட்டு இல்ல. மூணு புள்ளைங்களோட எங்க நெலமய இப்பிடி ஆக்கிட்டாரேன்னு இன்னிக்கும் ஆத்தாமையாத்தான் இருக்குது."

அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டின பெண்டாட்டியிடம்கூட என் பேரைச் சொல்லவில்லை அந்த மனுஷன். அத்தனை வருஷம் அந்த வீட்டுக்குள்ளேயே அந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணி உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு ஆள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து, கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் நின்றான்.

"எங் கூடப் பொறந்த தம்பிங்க இவன். சும்மாவே சுத்திக்கினு கெடக்கறான். உங்க ஷாப்புல ஒரு வார்த்த சொல்லி எடுத்து வுடுங்க, புண்ணியமாப் போவும். எங்க வூட்டுக்காரரு மாதிரி இல்லீங்க இவன். தொடாதன்னு சொன்னதத் தொடமாட்டான்."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணனைத் தவிர.

"சரிங்கண்ணி, சொல்லிப் பாக்கறேன்" என்றேன். எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.